செங்கல் சூளை வளைவு

சின்ன காஞ்சிபுரம்
19.1.2025

அன்புத் தம்பி வெங்கடேசனுக்கு அக்கா ரேவதி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மாமா, அம்மா மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடக் குறைய இருக்கிறது. வேலூர்க் குளிரில் உன் சளித் தொல்லை எப்படி? போர்வை தருகிறார்களா?

ஜெயிலிலிருந்து நீ போன் செய்யும்போது கிடைக்கும் நேரத்தை அம்மா அழுதே தீர்த்துவிடுகிறாள். போன் என் கைக்கு வருவதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ இல்லாத முதல் பொங்கல் வந்தது, போனது. தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. இப்போது சொல்வதைக் கேட்டு நீயாவது சிரி. நான் ஓட ஆரம்பித்திருக்கிறேன்.

சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது, நடந்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மைதானத்துக்கு நடக்கப் போனேன். ஒரு நாள், ஏன் என்று தெரியவில்லை, நடந்துகொண்டிருந்தவள் ஓடிவிட்டேன். அரைச் சுற்றுகூட இருக்காது. விலா பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்து நின்றேன். ஆனால் நீ ஓட்டிய வேன் மோதி ஒருவர் இறந்துபோன நாளிலிருந்து என் தலைக்குள் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது அந்த அரைச் சுற்று நேரம் சுற்றவில்லை. மறுநாளும் போனேன்.

"நாப்பத்தேழு வயசுல யாரு ரேவதி உன்ன தொரத்துறாங்க?" என்று உன் மாமா கேட்கிறார். கடையில் கல்யாணக் கூட்டம் பிரித்துப் போட்டுவிட்டுப் போன பட்டுப் புடவைகளை நாள் முழுக்க நின்று மடிக்கிறேன். முன்பெல்லாம் சாயங்காலம் கால் செத்துவிடும். இப்போது வலிக்கிறது, ஆனால் உயிரோடு வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைக்காதே.

உன் அக்கா
ரேவதி


வேலூர்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு வெங்கடேசன் வணக்கத்துடன் எழுதுவது. சளி விட்டது. போர்வை உண்டு. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடு.

சிரித்தேன் அக்கா. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். நீ பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள்.

இங்கே எனக்கு ஷூ தைக்கும் பிரிவில் வேலை. அதனால் ஒன்று சொல்கிறேன். ஓடுகிற ஷூ வாங்கும்போது கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். காலையில் வாங்காதே, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கு.

சாயங்காலம் எங்களையும் திறந்தவெளியில் விடுகிறார்கள். நானும் ஓடலாம்தான். ஆனால் இங்கே ஒருத்தன் ஓடினால் பார்க்கிறவர்களுக்கு வேறு அர்த்தம் ஆகிவிடும்.

விடாமல் ஓடு. ஓடியதை எழுது. கடிதத்தை ஆபீசில் படித்துவிட்டுத்தான் தருவார்கள். படித்தால் படிக்கட்டும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

வெங்கடேசன்


சின்ன காஞ்சிபுரம்
9.3.2025

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வரதராஜப் பெருமாள் துணை.

நீ சொன்னபடி சாயங்காலம் போய் வாங்கினேன். கடைக்காரர் கொண்டுவந்ததைவிட ஒரு அளவு பெரிது. நகம் பத்திரம்.

ஓட்டத்துக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்துவிட்டாள். பெயர் ரத்னா, என் வயசுதான். ஜைனர் வீடு. கணவர் இல்லை, திருப்பருத்திக்குன்றத்தில் அம்மா வீட்டோடு இருக்கிறாள். முதல் நாள் நான் ஓடுவதைப் பார்த்து, "இன்னாமா, ரயிலுக்கா போற? பேசிக்கினே ஓடணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றாள். அன்றிலிருந்து பேசிக்கொண்டே ஓடுகிறோம். கூட ஆள் இருந்தால் தூரம் குறைகிறது.

இப்போது மைதானத்தை விட்டு ஏனாத்தூர் ரோட்டில் இறங்கிவிட்டோம். தெரு முடியும் வரை தறிச் சத்தம் கூடவே வரும். அப்புறம் வயல், நாய்கள், காலேஜ் பஸ். ஒரு வேடிக்கை கேள். சின்னப் பாலம் தாண்டி மூடிக்கிடக்கிற செங்கல் சூளை இருக்கிறதே, அந்த வளைவு வந்ததும் ரத்னா என்னை அப்படியே விட்டுவிட்டுப் பிய்த்துக்கொண்டு பறப்பாள். பேசிக்கொண்டே ஓடச் சொன்னவள்தான்! வளைவைத் தாண்டிப் போய் நின்று எனக்காகக் காத்திருப்பாள். "இன்னா இது?" என்றால் "சும்மா" என்பாள். அவளைப் பிடிக்கப் போய் என் வேகமும் கூடியிருக்கிறது.

பதில் போடு.

ரேவதி


வேலூர்
20.4.2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

ரோட்டில் ஓடும்போது எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி வலது ஓரமாக ஓடுங்கள். நன்றாக வெளிச்சம் வராமல் ரோட்டுக்குப் போக வேண்டாம். ஒளிரும் பட்டை வைத்த சட்டை விற்கிறது. இரண்டு பேரும் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப் போடாதே.

உன் சிநேகிதியின் முழுப்பெயர் ரத்னமாலாவா? அந்தப் பெயரில் தெரிந்தவர் ஒருவர் உண்டு, அதனால் கேட்டேன். அவர் உடம்பு எப்படி? மகன் படிப்பை முடித்துவிட்டானா? என்னைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாயா?

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

வெங்கடேசன்


சின்ன காஞ்சிபுரம்
8.6.2025

அன்புத் தம்பிக்கு, நலம். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததில் அம்மாவுக்குக் கவலை. வயிறு சரியில்லையோ என்று கேட்கிறாள்.

கருட சேவைக் கூட்டத்தில் தெருவெல்லாம் நிரம்பி, கொஞ்ச நாள் ஓட்டம் நின்றது. அப்புறம் வெயில். இப்போது மறுபடி தொடங்கிவிட்டோம். ஒளிரும் சட்டை இரண்டு வாங்கினேன். ரத்னா போட்டுக்கொண்டு, "ரோடு போட வந்தவங்க மாதிரி இருக்கோம்" என்று சிரித்தாள். வாங்கச் சொன்னது என் தம்பி என்றேன். "நல்ல தம்பி" என்றாள். வெளியூரில் வேலை செய்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆமாம், முழுப்பெயர் ரத்னமாலாதான். உனக்கு எப்படித் தெரியும்? மகன் ஆதீஷ் ஏனாத்தூர்க் காலேஜில் கடைசி வருஷம். நல்ல பிள்ளை. அம்மாவை ஓட அனுப்பிவிட்டு அவனே தோசை சுட்டு வைக்கிறான்.

பெரிய சேதி: ஜனவரியில் சென்னையில் நடக்கிற ஓட்டத்துக்கு இருவரும் பெயர் கொடுத்துவிட்டோம். இருபத்தொரு கிலோமீட்டர்! இப்போது பத்து ஓடினாலே படியேற உன் மாமா கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கிண்டலை நிறுத்திவிட்டார். போன வாரம் நான் கிளம்புவதற்கு முன்னால் அவரே தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்திருந்தார்.

பெரிய கடிதமாக எழுது.

ரேவதி


சின்ன காஞ்சிபுரம்
13.7.2025

வெங்கடேசனுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

நேற்று மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. சூளை வளைவில் ரத்னா வழக்கம்போல் வேகம் எடுத்தாள். கால் பிசகி, சூளைக்கு நேர் எதிரே விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தாங்கி உட்கார வைத்தேன்.

"வேணாம் ரேவதி, இங்க வேணாம். அந்தாண்ட கூட்டிக்கினு போ" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். எழ முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு நெல்லு அறுக்கிற மிஷின் வாடகைக்குப் பேச விடிகாலைல பைக்ல வந்தாரு. இங்கதான். வேன்காரன் இடிச்சிட்டு நிக்காம பூட்டான். பால்காரரு ஒருத்தரு பார்த்து ஆள கூப்புடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ரொம்ப நாளு நான் இந்தப் பக்கமே வரல. பஸ்ல போனா கண்ண மூடிக்குவேன். எத்தினி வருஷம்தான் கண்ண மூடிக்கினு கெடக்கிறது? ஓடியாவது தாண்டிடலாம்னு ஆரம்பிச்சேன்."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்பாண்டைராஜ்" என்றாள்.

கேஸ் கட்டில் நான் படித்த அதே பெயர். அவர் ஊர் வேறு, இடத்துக்கும் கிலோமீட்டர் கல் நம்பர்தான் போட்டிருந்தது என்பதால் எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா படுத்துவிட்டாள் என்று நான் கோர்ட்டுக்கு வராததால் இவளை அங்கே பார்த்திருக்கவும் வழியில்லை. ஆட்டோ வரும் வரை அவள் என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ரத்னாவுக்கு மகன் இருக்கிறான் என்று நான் எழுதவேயில்லை. நீ கேட்டிருக்கிறாய். உனக்கு அப்போதே தெரியும்.

ரேவதி


வேலூர்
27.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்டு நீ எழுதாத முதல் கடிதம் அது. நான் கேட்கிறேன்: நீ எப்படி இருக்கிறாய்? அவர் கால் எப்படி இருக்கிறது?

ஆமாம், தெரியும். சூளை, வளைவு, ஜைனர் வீடு, கணவர் இல்லை. படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதன் பிறகு பல நாள் அதைத் தொடவில்லை.

உன்னிடம் சொன்னால் நீ ஓடுவதை விட்டுவிடுவாய் என்று பயந்தேன். அது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை தெரிந்துகொள்ள எனக்கு வேறு வாசல் இல்லை. கோர்ட்டுக்கு இறந்தவரின் மைத்துனர் வருவார். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. பெண்சாதி பெயர், ஒரு மகன் என்று கோர்ட்டுக் காகிதத்தில் இருந்தது மட்டும் மனசில் தங்கியது. "அவனே தோசை சுட்டு வைக்கிறான்" என்று நீ எழுதியிருந்தாயே. அந்த வரியைப் படித்துவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

அவரிடம் சொல் என்று சொல்லவும், சொல்லாதே என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அவருக்கு ஓடத் துணை என்று ஒருத்தி கிடைத்தாள். அவளும் என் அக்காவாகப் போய்விட்டாள்.

உன் மனசு சொல்கிறபடி செய்.

வெங்கடேசன்


சின்ன காஞ்சிபுரம்
24.8.2025

தம்பிக்கு,

அம்மாவும் மாமாவும் சுகம்.

சொல்லிவிட்டேன். கால் குணமாகி அவள் மைதானத்துக்கு வந்த முதல் நாள். இரண்டு சுற்று மெதுவாக ஓடிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். வெளியூரில் இருக்கிறான் என்று சொன்ன தம்பி எங்கே இருக்கிறான், ஏன் இருக்கிறான் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

ஷூ லேஸை இழுத்தபடி இருந்தாள். பிறகு, "உனுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"நீ வுழுந்த அன்னிலேர்ந்து."

"அதுக்கப்புறம் தெனம் வூட்டுக்கு வந்து என் கால்ல எண்ண தேச்சிவுட்டியே. அப்பல்லாம் தெரியுமா?"

"தெரியும் ரத்னா."

எழுந்துகொண்டாள். ஒரு ஷூவில் லேஸ் அவிழ்ந்திருந்தது. கட்டாமலே நடந்துபோய் ஸ்கூட்டரை எடுத்தாள்.

நான் இப்போது மைதானத்துக்குப் போவதில்லை. ஷூவைப் பரண்மேல் போட்டாயிற்று. முகூர்த்த மாதம், கடையில் மூச்சுவிட நேரமில்லை என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை, கேட்கவும் இல்லை.

உன்மேல் கோபமில்லை. எழுதத்தான் ஒன்றும் இல்லை.

ரேவதி


திருப்பருத்திக்குன்றம்
8.10.2025

திரு. வெங்கடேசன் அவர்களுக்கு,

நலம் விசாரித்துத்தான் நான் கடிதம் தொடங்குவேன். இதில் அது வரவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருக்கும் இடம் உங்கள் அக்கா சொன்னதுதான். விலாசத்தை என் மகன் எடுத்துக் கொடுத்தான். யாருக்கு என்று கேட்டான், சொன்னேன். கவரின் மேல் அவனே எழுதிக் கொடுத்தான்.

உங்கள் அக்கா ஓட வருவதில்லை. முதலில் எனக்கு அது நல்லதாகப் பட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. தனியாக ஓடினேன். நாய்கள் துரத்துகின்றன, அது பெரிதில்லை. பேசாமல் ஓடும்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. உங்கள் அக்காவோடு ஓடியபோது அப்படி இல்லை. அவர் கடைக்கு வருகிறவர்கள் புடவை பேரம் பேசுவதை நடித்துக் காட்டுவார். சிரித்துக்கொண்டே நாங்கள் எத்தனையோ தூரம் போயிருக்கிறோம்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். உங்கள் அம்மா கதவைத் திறந்து, ரேவதி இல்லை என்றார். செருப்பு வாசலில் இருந்தது. அவர் உள்ளேதான் இருந்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அவருக்குச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. நீங்கள் எழுதினால் கேட்பார். ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். வரச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களை மன்னித்ததாக நினைக்க வேண்டாம். பர்வம் என்ற எங்கள் நோன்பு நாளில் எல்லா உயிரையும் மன்னித்தேன் என்று வாயால் சொன்னேன். உங்கள் நினைவு வந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. வரும்போது வரட்டும், வராமலும் போகலாம். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ரத்னமாலா


வேலூர்
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். அடுத்த வாரம் தீபாவளி. அம்மாவைப் பலகாரம் அதிகம் சாப்பிட விடாதே.

இங்கே அதிகாரி கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். "இது யாருன்னு தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து படிக்கச் சொன்னார். நின்றுகொண்டே படித்தேன்.

ரத்னமாலா அம்மா எழுதியிருக்கிறார். நீ ஓட வர வேண்டுமாம். அதைச் சொல்ல அவருக்கு என்னைத் தவிர ஆள் இல்லையாம். யோசித்துப் பார் அக்கா. எனக்கு எழுதுவதற்கு அவர் எவ்வளவு தூரம் வர வேண்டியிருந்திருக்கும்!

அவர் வந்த அன்று நீ வீட்டுக்குள் இருந்தது அவருக்குத் தெரியும். உன் செருப்பைப் பார்த்துவிட்டார்.

எனக்காக ஒளிந்துகொள்ளாதே. பரணிலிருந்து ஷூவை இறக்கு. அவருக்கு நான் பதில் எழுதவில்லை. வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அவர் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று பதில் எழுதாமல் இருப்பது, இன்னொன்று உன்னை அனுப்புவது. தீபாவளியன்று காலையில் குளியல் முடித்ததும் நீ போகவேண்டியது கோயிலுக்கு இல்லை, திருப்பருத்திக்குன்றத்துக்கு.

வெங்கடேசன்


சின்ன காஞ்சிபுரம்
11.1.2026

அன்புத் தம்பி வெங்கடேசனுக்கு, இங்கே அனைவரும் நலம். என் வலது தொடையைத் தவிர. நீ நலமா? அம்மா உனக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

நவம்பர், டிசம்பர் முழுக்கத் தூரத்தைக் கூட்டுவதிலேயே போயிற்று. அதனால்தான் எழுதவில்லை. தீபாவளியன்று நான் போய் நின்றபோது ரத்னா கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஆதீஷ் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தான். மறுநாளிலிருந்து ஒரு வாரம் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில், வாய் திறக்காமல் ஓடினோம். பிறகு ஒரு நாள் அவளாகவே, "கடைல நேத்து யாரு வந்தாங்க?" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன்.

போன ஞாயிறு சென்னையில் ஓட்டம். இருட்டோடு கிளப்பிவிட்டார்கள். கடற்கரை ரோடு முழுக்கத் தலைகள். பாதிப் பேர் நம் பிள்ளைகள் வயசு. வழியில் தண்ணீர் நீட்டினார்கள். ஜைன வழக்கப்படி பொழுது விடியாமல் ரத்னா வாயில் எதுவும் வைக்கமாட்டாள். கடலுக்கு மேலே வெளிச்சம் வந்த பிறகுதான் ஒரு வாய் குடித்தாள். அதுவரை நானும் குடிக்கவில்லை.

கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது என் தொடை இழுத்துக்கொண்டது. கட்டையைப் போல ஆகிவிட்டது. அவள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"நீ போ ரத்னா. நான் நடந்து வரேன்."

"போறதுக்கா உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னேன்? கைய குடு."

நடந்தோம். எங்களைப் பார்த்துக் கை தட்டியவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முடிகிற இடத்துக்கு வந்தபோது தோரண வளைவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் நின்ற ஆள் எங்களைப் பார்த்ததும், "ரெண்டு பேரு வராங்கப்பா, இருங்க" என்று சத்தம் போட்டு நிறுத்திவைத்தார். அதன் கீழே புகுந்து வந்தோம்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உன் தம்பி எப்ப வரான்?"

"சித்திரைல."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியது. அப்புறம் சொன்னாள்: "வரட்டும். காலைல மைதானத்துப் பக்கம் மட்டும் அவன் வர வேணாம். பார்த்தா இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. அவன் வந்துட்டான்னு நீ வராம இருந்துடாத."

சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். நீ வெளியே வந்த பிறகும் காலை நேரம் அவளுடையதுதான். உனக்கு வருத்தமாக இருந்தால் இப்போதே எழுதிவிடு.

ரேவதி


வேலூர்
25.1.2026

அன்புள்ள அக்காவுக்கு, நலம். தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவசரப்பட்டு ஓடாதே.

வருத்தமில்லை. மைதானத்துப் பக்கம் வரமாட்டேன். ஏனாத்தூர் ரோட்டுப் பக்கமும் காலையில் வரமாட்டேன். அம்மாவுக்குக் காபி போடுவது, வாசல் பெருக்குவது, மாமாவுக்கு டிபன் கட்டுவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். தோசை எனக்குச் சரியாக வராது, கற்றுக்கொள்கிறேன்.

நீ நேரத்தோடு கிளம்பு அக்கா. அவரைக் காக்க வைக்காதே.

வெங்கடேசன்